உள்ள யார்னா கீறீங்களா?

முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், புளோயர் அறையின் இரும்புக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இருட்டுக்குள் தலையை நீட்டி ஒரு மனிதர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள யார்னா கீறீங்களா?"

பதில் இல்லை. எப்படி வரும்? சற்று முன்புதான் அவரே அந்த அறையிலிருந்து வெளியே வந்திருந்தார். அவரைத் தவிர அதற்குள் யாரும் போகவில்லை. ஆனாலும் காதைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார். மறுபடி காத்திருந்தார். மூன்றாவது தடவையும் கூப்பிட்டு, அதற்கும் பதில் இல்லை என்று ஆன பிறகுதான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பீங்கானில் மூன்று பீஸ் கட்டைகளை எடுத்து, சுவரிலிருந்த போர்டில் ஒவ்வொன்றாக அழுத்திச் செருகினார். உள்ளே புளோயர் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"யாரைக் கூப்பிட்டீங்க?" என்றேன்.

"யாரும் இல்லன்னு தெரிஞ்சிக்கத்தான் மேடம்" என்றார். முகத்தில் துளி சிரிப்பில்லை.

சரிதான், கழன்ற கேஸ் என்று நினைத்துக்கொண்டு என் மேஜைக்குத் திரும்பினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் அந்த மண்டபத்தில் எனக்கு வேலை. மேற்கு மாம்பலத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவேன். தேதி கேட்டு வருகிறவர்களுக்கு ஹாலைச் சுற்றிக் காட்ட வேண்டும், முன்பணம் வாங்க வேண்டும், அவர்கள் அலட்டுவதையெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்க வேண்டும். முன்பெல்லாம் எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டவர்கள், அப்போது நுழைந்ததுமே "ஏசி உண்டோல்லியோ?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். உண்டு என்று சொல்லும்போது எனக்கே ஒரு கெத்து வரும். அந்தக் கெத்தைக் கட்டிக் காத்தவர் இவர்தான். மாதம் ஒருமுறையும், பெரிய முகூர்த்தங்களுக்கு முன்னாலும் வந்து ஹாலுக்குக் குளிர்காற்றைத் தள்ளுகிற புளோயரையும் சமையல்கட்டுப் புகையை இழுக்கிற எக்ஸாஸ்டையும் சுத்தம் செய்துவிட்டுப் போவார். மண்டபத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏசிக்காரர். நானும் இங்கே பெயரை எழுதப்போவதில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்.

கோபம் நன்றாகவே வரும். வேலை நடக்கும்போது பக்கத்தில் போனால் போச்சு. "முந்தானைய இடுப்புல சொருவு மேடம், இல்லாங்காட்டி அங்கியே நில்லு" என்று என்னை அதட்டுவார். ஒருநாள் எங்கள் மேனேஜர், அவரை நாங்கள் மாமா என்போம், அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாயாக அறைக்குள் எட்டிப் பார்த்தார். "சாமி, அந்தத் துண்டு பெல்ட்டுல மாட்டுச்சுன்னா துண்டு மட்டும் போவாது, நீயும் சேந்து போவ!" என்று ஏசிக்காரர் போட்ட கத்தலில் மாமா படியிறங்கி வந்து சோடா குடித்தார். "என்னடா இது, எனக்கே ஆர்டர் போடறான்" என்று முனகினாரே தவிர, அதற்கப்புறம் அங்கவஸ்திரத்தோடு அந்தப் பக்கம் போகவில்லை.

வந்ததும் முதல் வேலை, போர்டிலிருந்து மூன்று கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. பிறகு கழுத்திலிருக்கும் சிலுவைக் கயிற்றைக் கழற்றி இன்னொரு பையில் வைப்பார். அப்புறம்தான் கதவு திறக்கும். பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது, பேரிங்குக்கு கிரீஸ் வைப்பது, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் விசிறித் தகடுகளின் அழுக்கைச் சுரண்டுவது, தண்ணீர் சொட்டும் தட்டைக் கழுவுவது. கடைசியில் பில்டர்களைத் தூக்கிவந்து குழாயடியில் போட்டு அலசுவார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஹோமப் புகையின் கரி முதலில் ஓடும். அப்புறம் மஞ்சள் கலங்கி வரும். வலையில் அட்சதை, ரோஜா இதழ், ஜரிகை நூல், யாரோ ஒரு குழந்தையின் பலூன் துண்டு என்று எல்லாம் சிக்கியிருக்கும்.

"போன கல்யாணத்துல பொண்ணு தலையில விழுந்தத வுட இதுலதான் அரிசி ஜாஸ்தி விழுந்துக்குது" என்பார்.

சீக்கிரம் சீக்கிரம் என்று யாராவது நச்சரித்தால் இன்னும் மெதுவாகச் செய்வார். சமையல் காண்ட்ராக்டர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, புகை அண்டி, கண்ணைக் கசக்கிக்கொண்டு கத்துவார். இவர் அசையமாட்டார். எல்லாவற்றையும் மாட்டி முடித்து, கதவருகில் நின்று, மூன்று தடவை கூப்பிட்டு, மூன்று தடவை காத்திருந்துதான் கட்டை பைக்கு வெளியே வரும். பிடுங்கின கைதான் திரும்பப் போட வேண்டும் என்பது அவர் சட்டம். அதில் மாமாவுக்கும் விலக்கில்லை, மாப்பிள்ளை வீட்டாருக்கும் விலக்கில்லை. காலியான அறையைக் கூப்பிட்டு ஒரு மனுஷன் காத்திருப்பதைக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அங்கே பேய் இருக்கிறது என்றுகூடச் சில பிள்ளைகள் கிளப்பிவிட்டார்கள்.

இந்தக் கேலியில்தான் அந்த அசம்பாவிதம் நடந்தது. ஒரு ரிசப்ஷனுக்கு முன்பு, பந்தி பரிமாறுகிற ஆள் ஒருவன், நல்ல தடிமாடு, அறையின் பின்ஜன்னலுக்குக் கீழே போய்ப் பதுங்கிக்கொண்டான். ஏசிக்காரர் வழக்கம்போலக் கூப்பிட்டார். "உள்ள யார்னா கீறீங்களா?" ஜன்னல் வழியாக ஒரு குரல், ஈனமாக, "கீறேன்..." என்றது.

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் கையிலிருந்த கிரீஸ் டப்பா நழுவி விழுந்து உருண்டது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. இருட்டறைக்குள் பாய்ந்தார். "எங்க கீற? எங்க கீற? கைய எட்து! கைய எட்து!" என்று அலறிக்கொண்டு, ஓடாமல் நிற்கிற புளோயரைச் சுற்றிச் சுற்றித் தடவினார். வெளியே சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. வெளியே வந்தபோது அவர் சட்டையெல்லாம் கிரீஸ். குழாயடியில் போய்க் குந்தியவர் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அந்தத் தடிமாட்டை நான் கேட்ட கேள்வியில் அவன் அன்று சாம்பார் வாளியையே தூக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

டீ வாங்கிக்கொடுத்து உட்கார வைத்தேன். கேட்காமலே சொன்னார்.

"மவுண்ட்ரோடாண்ட ஒரு சினிமா தியேட்டர் மேடம். நானும் என் தம்பியும் அங்கதான் வேல. அவன் புளோயர்ல பெல்ட்டு மாட்டிகினு இருந்தான். ஷோவுக்கு டைம் ஆயிடுச்சு. உள்ள யார்னா கீறீங்களான்னு ஒரு தபா கூப்ட்டேன். பதிலு இல்ல. டீ குடிக்கப் போயிட்டான்னு நெனச்சி பீஸைப் போட்டுட்டேன்." டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரெண்டாவது தபா கூப்ட்டிருந்தா கேட்டிருக்கும். ஒரு தபாவோட வுட்டுட்டேன் பாத்தியா."

அவர் தம்பியை எனக்குத் தெரியும். சாயங்காலங்களில் அண்ணனை அழைத்துப்போக வருவார். வாசலுக்கு வெளியேயே சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருப்பார், உள்ளே வா என்றால் வரமாட்டார். வலது கை எப்போதும் பேன்ட் பைக்குள் இருக்கும். ஏதோ ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். அந்தக் கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்கப்புறம் கவனித்தேன். தம்பிக்கு சட்டைப் பொத்தான் கழன்றிருந்தால் இவர் போட்டுவிடுவார். கல்யாணச் சாப்பாடு கொடுத்தால் வாசலில் வைத்துப் பூரியைப் பிய்த்துப் பிய்த்து இலையில் போடுவார். வளர்ந்த ஆம்பிளை அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவார். இரண்டு பேருக்கும் நடுவே பேச்சே இருக்காது. பார்க்க எனக்கு என்னவோபோல் இருக்கும்.

தம்பிக்குக் கல்யாணம் செய்து வைக்க வேண்டும் என்பதுதான் ஏசிக்காரருக்கு இருந்த ஒரே ஆசை. அது நடக்காமல் தானும் செய்துகொள்ள மாட்டேன் என்று தலை நரைக்கும்வரை நின்றார். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் காற்று விடுகிற மனுஷர், தேதி கேட்டு வருகிறவர்களையெல்லாம் ஓரக்கண்ணால் பார்ப்பார். "மேடம், உன்னாண்ட இத்தினி பேரு வந்துகினு போறாங்களே. நம்ம வேதத்துல, மாதா கோயிலுக்குப் போற ஏழப்பட்ட பொண்ணு யார்னா இருந்தா சொல்லேன்."

"எனக்கே இன்னும் ஆகலை, உங்க தம்பிக்கு நான் பார்க்கணுமா?" என்று கடுப்படித்தேன். ஆனால் பார்க்காமல் இல்லை. அடையாறில் தையல் வேலை செய்கிற ஒரு பெண், கைவிஷயம் தெரிந்தும் சரி என்றாள். அண்ணன்காரர் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். வேலைக்கு நடுவே பாட்டு முணுமுணுத்தார் என்றால் பாருங்கள். அடுத்த வாரம் வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"வோணாம்ன்றான். இதோட எத்தினியோ பொண்ணு. எல்லாத்துக்கும் வோணாம்."

"ஏனாம்?"

"காரணம் சொல்ல மாட்டான். எனுக்குத் தெரியாதா மேடம்? அவன் கை போனதுலேர்ந்து எல்லாம் போச்சு. யாராலன்னு அவனுக்குத் தெரியாதா?" பில்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார், "இத்தினி வருசத்துல ஒரு சொல்லு சொன்னதில்ல மேடம். பாவி, என் கைய எடுத்துட்டியேடான்னு ஒரு தபா வாயத் தொறந்து திட்டிட்டான்னா போதும். நான் நிம்மதியா பூடுவேன்."

திட்டு வாங்குவதற்காக ஒருத்தர் இப்படி ஏங்குவார் என்று அதுவரை நான் கேள்விப்பட்டதேயில்லை.

அவர் போனது ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்த நாளில். காலையில் வந்து கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கிரீஸ் வைத்தார். பில்டர்களை அலசி வெயிலில் சுவரோரம் சாய்த்து வைத்தார். "காஞ்சப்பறம்தான் மாட்டணும். வூட்ல போயி சாப்ட்டு வந்து மாட்டி, போட்டு வுடறேன்" என்று சைக்கிளில் ஏறினார். கொஞ்சம் சோர்வாக இருந்தது போலத்தான் பட்டது. வெயில் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ரிசப்ஷன். ஆள் வரவில்லை. விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள், பட்டுப்புடவைகள் எல்லாம் பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டிருந்தன. மாமா தாம்தூம் என்று குதித்தார்.

"பீஸ் கட்டையை ஜோபியில போட்டுண்டு போயிட்டானே மனுஷன்! வேற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. கம்பியை வெச்சு நேராக் குடுக்கச் சொல்லு."

"வேண்டாம் மாமா. பக்கத்துலதானே வீடு, நானே போய்க் கையோட கூட்டிண்டு வரேன்" என்று ஆட்டோ பிடித்தேன். செல்போன் எல்லாம் வராத காலம். நேரில்தான் போக வேண்டும். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டேதான் போனேன். வரட்டும் இன்றைக்கு, நன்றாகக் கேட்கிறேன் என்று வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன்.

சாந்தோமில் கடலோரத்துச் சந்து அது. முனையிலேயே பெஞ்சுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "மண்டபத்துலேர்ந்தா? சாப்ட்டு எயிந்தவரு நெஞ்சப் புடிச்சிக்கினு சாய்ஞ்சிட்டாரும்மா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கக்கூட இல்ல" என்றாள்.

ஒற்றை அறை. தலைமாட்டில் மெழுகுவத்தி. காலையில் பார்த்த அதே முகம், ஆனால் அப்படி ஒரு சாந்தத்தை நான் அதில் பார்த்ததேயில்லை. காலடியில் தம்பி உட்கார்ந்திருந்தார், அழாமல். ஆணியில் அந்தச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைகளின் கனத்தில் பை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. என் கண் அங்கே போனதற்கு எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. தம்பியே பார்த்துவிட்டார்.

"அதுக்கா வந்தீங்க?"

"இல்லைங்க. ஐயோ, இல்லை."

"புடுங்கின கைதான் போடணும்பாரு." அண்ணனின் கைகளைப் பார்த்தார். "நான் வந்து போடறேன் மேடம். இன்னிக்கு வோணாம்."

திரும்பி வந்து மாமாவிடம் சொன்னேன். அத்தனை நேரம் குதித்த மனுஷர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து, ஏசிக்குப் பணம் கொடுத்தோமா இல்லையா என்று எகிறினார். மாமா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஒரு நாள் வேர்த்தா ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது. ஜன்னலெல்லாம் திறங்கோ" என்றார். அதுவரை மாமாவைக் கஞ்சப் பிசினாரி என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் ஆடி பிறந்தது. ஒரு மாதத்துக்குக் கல்யாணம் கிடையாது. மண்டபம் ஜிலோ என்று கிடந்தது. பில்டர்கள் சாய்த்து வைத்த இடத்திலேயே இருந்தன, எடுத்து வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஆடி பாதி போன பிறகு ஒரு முற்பகலில் தம்பி வந்தார். முதல் தடவையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். கைக்குட்டையில் மூன்று கட்டைகளும் முடிந்திருந்தன. பில்டர்களை இடது கையால் தூக்கி, வலது கட்டைவிரலால் அழுத்தி, ஒவ்வொன்றாக மாட்டினார். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ளியே நின்றேன்.

எல்லாம் முடிந்து கதவருகில் வந்தவர் நின்றுவிட்டார். கூப்பிடப் போகிறார் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை.

"மேடம், அண்ணன் உங்களாண்ட சொல்லியிருப்பாரே. தியேட்டர்ல நடந்தது."

"சொன்னார். ரெண்டாவது தடவை கூப்பிட்டிருந்தா உங்களுக்குக் கேட்டிருக்கும்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனார்."

"மொத தபாவே கேட்டுச்சு மேடம்."

"என்னது?" என்றேன்.

"அன்னிக்குக் காலைல எல்லாரு எதிர்லயும் என்ன அறைஞ்சிட்டாரு. லேட்டா வந்தேன்னு. எனுக்கு வீம்பு. உள்ள குந்திகினு கீறேன், கூப்புட்றாரு, நல்லாக் கேக்குது. இன்னாத்துக்குப் பதிலு சொல்லணும், உள்ள வந்து பாக்கட்டும், வந்து கெஞ்சட்டும்னு வாய மூடிகினு இருந்தேன். பெல்ட்டு மேல கை. பீஸைப் போடுவாருன்னு எனுக்குத் தோணவேயில்ல மேடம்." மூச்சு வாங்கினார். "ஆஸ்பத்திரில கண்ணு முயிச்சிப் பாத்தா என் காலைப் புடிச்சிகினு அயுவுறாரு. அப்பவே சொல்லியிருக்கணும். நாளிக்குச் சொல்லலாம்னு வுட்டேன். அப்பால சொல்லவே முடியல. என் தப்புக்கு அவரு பூரி பிச்சுப் போட்டுகினு இருந்தாரு. பொண்ணு பாத்துகினு இருந்தாரு. நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு கட்டிக்குவேன்?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கோபமா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. ஒரு வார்த்தை, பாவி, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அந்த மனுஷர் எப்படித் தூங்கியிருப்பார்! திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் எதிரில் நின்றவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு காத்திருந்தார். திட்டு வாங்கத்தான் அவரும் வந்திருக்கிறார் என்று தோன்றியது. அண்ணனுக்குத் தப்பாத தம்பி.

கைக்குட்டையை அவிழ்த்து மூன்று கட்டைகளையும் என் கையில் வைத்தார். "நான் உள்ள போறேன். நீங்க கூப்டுங்க மேடம். அண்ணன் கூப்புட்ற மாதிரி. ஒரே ஒரு தபா."

"நானா?"

"வேற யாரும் அவரு கூப்புட்டத இவ்ளோ கேட்டதில்ல."

குனிந்து உள்ளே போனார். புளோயருக்குப் பின்னால் இருட்டில் அவர் உட்காரும் சத்தம் கேட்டது. மாம்பலத்து வாய்க்கு அந்தப் பேச்சு வரவே வராது. எத்தனையோ தடவை அதைப் போலச் செய்து காட்டி ஆபீசில் சிரிக்க வைத்திருக்கிறேன். அன்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இரும்புக் கதவை ஏசிக்காரர் பிடிக்கிற இடத்தில் பிடித்துக்கொண்டு, தலையை நீட்டிக் கூப்பிட்டேன்.

"உள்ள யார்னா கீறீங்களா?"

அவரைப்போலவே காதைச் சாய்த்துக்கொண்டேன். அந்த அறையிலிருந்து பதில் வந்தது.

"கீறேண்ணா. உள்ளதான் கீறேன். போடாதண்ணா."

நான் போடவில்லை. அவர் அழுது முடித்து வெளியே வரும்வரை, கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.